தோம்ஸ்கில் போகியன்று வந்த பழைய புத்தாண்டு

2016 டிசம்பர் 31, இரவு பத்தரை மணி. சைபீரியாவில் தோம்ஸ்க் நகரத்தின் நோவோசோபோர்னயா சதுக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். நடுவில் பெரிய புத்தாண்டு மரம். சுற்றிலும் பனிக்கட்டியில் செதுக்கிய உருவங்கள், பிள்ளைகள் சறுக்கி விளையாட ஒரு பனிச்சரிவு, கண்ணைப் பறிக்கும் விளக்குகள். எல்லாம் இருந்தன, ஆளைத்தான் காணோம்.

புத்தாண்டு இரவு என்றால் எனக்குச் சென்னைக் கடற்கரைதான். பைக் சத்தம், கேக் கடையில் வரிசை, பன்னிரண்டு அடித்ததும் முன்பின் தெரியாதவன்கூடக் கை கொடுப்பது. அதை நினைத்துக்கொண்டு கிளம்பி வந்தவனுக்கு ஒரு நாயும், மெதுவாக ஊர்ந்துபோன ஒரு போலீஸ் வண்டியும்தான் துணை. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி உறைந்து குத்துகிற குளிர். அம்மாவுக்குப் படம் அனுப்பலாம் என்று போனை வெளியே எடுத்தேன். நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி பொசுக்கென்று அணைந்துபோனது. சைபீரியக் குளிரில் போனைச் சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டோடு வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று நான் தனியாக நின்றதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு முன்பே, நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த ஆய்வகத்தில் கூட வேலை செய்தவர் "புத்தாண்டுக்கு எங்கள் வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டிருந்தார். "பரவாயில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றேன். நம் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. கூப்பிட்டவர் இன்னும் இரண்டு முறை வற்புறுத்துவார், மூன்றாவது தடவை "சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க" என்று ஒப்புக்கொள்வோம். அவர் "சரி" என்று சொல்லிவிட்டு மைக்ரோஸ்கோப்புப் பக்கம் திரும்பிவிட்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. சாப்பாட்டு மேஜையில் இன்னொரு கரண்டி வைக்க அவர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் வற்புறுத்துவார்கள். ஆனால் அழைப்புக்கு நீங்கள் சொல்லும் "வேண்டாம்" அவர்களுக்கு வேண்டாம்தான். ரஷ்யாவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கூப்பிட்ட உடனே "வருகிறேன், என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

விடுதிக்குத் திரும்பும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. எங்கள் விடுதிக் கதவு பதினொன்றுக்குப் பூட்டப்படும். உள்ளே வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்திருப்பவரை வாஹ்த்யோர்ஷா என்பார்கள். சாவி கொடுப்பது, அனுமதி அட்டை பார்ப்பது, யார் யாரோடு வந்தார் என்று கவனிப்பது எல்லாம் அவர் வேலை. விடுதியில் உண்மையான அதிகாரம் அவரிடம்தான் என்பது என் எண்ணம். கதவைத் தட்டினேன். எழுபது வயதிருக்கும் அந்த அம்மாள் மெதுவாக எழுந்து வந்து, கண்ணாடி வழியாக என்னை முறைத்துவிட்டுத் திறந்தார். தொப்பியில்லாமல் போனதற்கு ஐந்து நிமிடம் திட்டு. அதில் பாதி புரியவில்லை. கடைசியில், "நிற்காதே, உள்ளே வா, தேநீர் சூடாக இருக்கிறது" என்றார்.

அந்தக் கூண்டுக்குள் இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் வந்தால் சாவிப் பலகையில் இடிக்கும். சின்ன டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. செய்தித்தாள் விரித்த மேஜையில் பீட்ரூட், உருளைக்கிழங்கு, கேரட், ஊறுகாய் வெள்ளரிக்காய் எல்லாம் பொடியாக நறுக்கி எண்ணெய் விட்டுக் கிளறிய வினெக்ரெட். ஒரு பாட்டிலில் உப்பில் ஊறிய காளான், கறுப்பு ரொட்டி, ஒரு கிண்ணம் நிறைய மாண்டரின் ஆரஞ்சு. ரஷ்யர்களைக் கேட்டால் புத்தாண்டின் வாசனை ஊசியிலை மரமும் மாண்டரின் தோலும்தான் என்பார்கள். நான் கோழியும் மீனும் மட்டும் சாப்பிடுகிறவன். எதில் என்ன இருக்குமோ என்று தயங்கினேன். "சாப்பிடு, இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. எனக்கு விரதம்" என்றார்.

புத்தாண்டு இரவில் என்ன விரதம்? அவர் விரலை மடக்கி எண்ணிக் காட்டினார், "பதின்மூன்று நாள்." அந்தக் கணக்கு முழுதாகப் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அது புரியாமல் ரஷ்யப் பண்டிகை எதுவும் புரியாது. 1918 வரை ரஷ்யாவில் ஜூலியன் நாள்காட்டி. அந்த ஆண்டு புரட்சி அரசு கிரிகோரியனுக்கு மாறியபோது, ஜனவரி 31 இரவு படுத்தவர்கள் பிப்ரவரி 14 காலையில் எழுந்தார்கள். நடுவில் பதின்மூன்று தேதிகள் காலண்டரிலேயே இல்லாமல் போயின. ரஷ்யத் திருச்சபை மட்டும் பழைய கணக்கை விடவில்லை. அதனால் அவர்களின் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. அதற்கு முந்தைய நாற்பது நாள் விரதம் நவம்பர் 28-ல் தொடங்கி ஜனவரி 6 வரை ஓடுகிறது. ஊரே தின்று தீர்க்கும் புத்தாண்டு அந்த விரதத்தின் கடைசி வாரத்தில் வந்து விழுகிறது.

இதில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. சோவியத் ஆட்சியில் 1920-களின் கடைசியில் கிறிஸ்துமஸ் மரத்தை மதச் சின்னம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1935 கடைசியில் அதே மரம் புத்தாண்டு மரமாகத் திரும்பி வந்தது. கூடவே வெள்ளைத் தாடித் தேத் மரோஸும், அவருடைய பேத்தி ஸ்னெகூரச்காவும் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவர ஆரம்பித்தார்கள். நாம் கிறிஸ்துமஸோடு சேர்த்து நினைக்கிற மரம், பரிசு, தாத்தா எல்லாம் அங்கே டிசம்பர் 31-க்கு இடம் மாறிவிட்டன. ஜனவரி 7 கோயிலுக்குப் போகிறவர்களின் அமைதியான நாள். டிசம்பர் 25-ஆம் தேதி நான் ஆய்வகத்தில் "ஹேப்பி கிறிஸ்துமஸ்" என்று சொல்லி, எல்லாரும் என்னை அன்போடும் குழப்பத்தோடும் பார்த்ததன் காரணம் அப்புறம்தான் விளங்கியது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதிபர் டிவியில் வந்தார். ஒவ்வொரு நேர மண்டலத்திலும் அவரவர் நள்ளிரவுக்கு முன்னால் அந்தப் பேச்சைப் போடுவார்கள். மாஸ்கோவில் அப்போது இரவு எட்டுதான், சென்னையில் பத்தரை. கிரெம்ளின் கடிகாரம் பன்னிரண்டு அடித்து ஓய்ந்ததும், அந்த அம்மாள் டீக்கோப்பையை என் கோப்பையோடு இடித்தார். அதற்கு மேல்தான் வேடிக்கை. விடுதி முழுக்கக் கதவுகள் திறந்தன, வெளியே வாண வெடிச் சத்தம், தெருவெல்லாம் ஜனம். அவர்கள் பன்னிரண்டு மணி வரை வீட்டு மேஜையை விட்டு எழவே மாட்டார்கள், அடித்த பிறகுதான் தெருவுக்கு வருவார்கள். நான் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றிருக்கிறேன்.

அந்த இரவில்தான் இன்னொரு பாடமும். நன்றி சொல்லும்போது பாசமாக "பாபுஷ்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். நம் ஊரில் காய்கறிக்காரரையும் பாட்டி என்போம். அவர் முகம் மாறியது. "நான் உனக்குப் பாட்டியா?" பெரியவர்களைப் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து அழைப்பதுதான் அங்கே மரியாதை. இவான் மகன் பியோதர் என்றால் பியோதர் இவானோவிச், மகள் என்றால் இவானோவ்னா. பேராசிரியரையும் அப்படித்தான், வெறும் பெயரைச் சொல்லவே கூடாது. முதல் நாளே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் என் அப்பா பெயரைக் கேட்டு, அதோடு ஓவிச் சேர்த்து எனக்கும் ஒரு பட்டம் கட்டினார். அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் முருகேசனோவிச். நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. அவர்கள் வாலில் மாட்டுவதை நாம் தலையில் இன்ஷியலாக மாட்டுகிறோம்.

ஆனால் அலுவலகத்தில் இதே விஷயம் தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்ததால், மூன்று வருஷமும் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிட்டார்கள், உதவித்தொகைப் பட்டியலில்கூட. அது போகட்டும். பாஸ்போர்ட்டை ரஷ்யனில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கும்போது, பெயரின் எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்துவிட்டு, பதிவு, விசா, வங்கி எல்லாவற்றிலும் அதையே எழுத வையுங்கள். நம் 'ழ'வை ஆங்கிலத்தில் இஸட்-ஹெச் என்று எழுதுகிறோம் இல்லையா, அதை அவர்கள் வேறொரு எழுத்தாகப் படிப்பார்கள். எழில் எஜிலாகிவிடும். ஓர் எழுத்து மாறினால் வங்கியில் நீங்கள் வேறு ஆள்.

சரி, ஏன் விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகவில்லை என்று கேட்பீர்கள். மற்ற இந்திய மாணவர்கள் ரயிலேறிப் பீட்டர்ஸ்பர்க் போய்விட்டார்கள். நான் வந்தது மூன்று மாத விசாவில். அதை அங்கேயே நீட்டிக்க வேண்டும். நீட்டிக்கிற வரை பாஸ்போர்ட் அவர்கள் கையில். நான் காகிதம் கொடுக்கத் தாமதித்தேன், அலுவலகமும் ஒரு படிவத்தைத் தொலைத்தது. பாஸ்போர்ட் கைக்கு வந்தது வருஷத்தின் கடைசி வேலை நாளில், ரயில் போன பிறகு. டிசம்பர் நடுவில் தொடங்கி எந்த மேஜையில் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "விடுமுறைக்கு அப்புறம்." ஜனவரி 1 முதல் 8 வரை நாடே மூடியிருக்கும். மே மாதத் தொடக்கத்திலும் இதே கதை. விசா தொடர்பான எதையும் காலாவதிக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கையெழுத்து வேண்டிய காகிதம் எதுவானாலும் டிசம்பர் 20-க்குள் முடியுங்கள். மாணவர் உணவகமும் அந்த எட்டு நாள் இருக்காது. அரிசி, முட்டை, ரொட்டி, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் 30-ஆம் தேதியே அறையில் இருக்கட்டும். நான் படித்த காலத்தில் நம் ஊர் கார்டு அங்கே வேலை செய்தது. 2022 மார்ச்சுக்குப் பிறகு வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு கார்டுகள் அங்கே செல்லாது. இப்போது போகிறவர்கள் கையில் பணத்தோடு போய், அங்கேயே கணக்குத் திறக்க வேண்டும்.

உடுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. சென்னையில் 'மைனஸ் டிகிரி ஜாக்கெட்' என்று விற்பதை வாங்காதீர்கள், அங்கே போய் வாங்குங்கள். வாங்கும்போது கழுத்துக்குப் பின்னால் உள்பக்கம் மாட்டுவதற்கு ஒரு துணி வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ரஷ்யாவில் பல்கலைக்கழகம், நூலகம் போன்ற பொதுக் கட்டடங்களுக்குள் கோட்டைக் கழற்றி வாசல் அறையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வளையம் அறுந்திருந்தால் அங்கே இருக்கும் அம்மாள் எல்லார் முன்னாலும் கேட்பார், "உனக்குத் தைத்துக் கொடுக்க ஆள் இல்லையா?" என் வளையத்தை நானே தைத்தேன், ஆரஞ்சு நூலில்.

இனி ஜனவரி 13. பழைய கணக்கில் அன்றுதான் டிசம்பர் 31. அன்றிரவை 'ஸ்தாரி நோவி கோத்', அதாவது பழைய புதிய ஆண்டு என்று இன்னொரு முறை கொண்டாடுவார்கள். விடுமுறை கிடையாது, வாழ்த்து அட்டை கிடையாது, மீந்துபோன ஷாம்பெயினும் நெருங்கிய சிலரும்தான். அந்த 2017-ல் ஜனவரி 13 போகி, 14 பொங்கல். அவர்கள் கணக்கு வேறு, நம் தை கணக்கு வேறு. இருந்தாலும் இரண்டும் வந்து சேரும் இடம் ஒன்று. ஊரில் அம்மா பழைய பாயைக் கொளுத்திய நாளின் இரவில், இங்கே பழைய ஆண்டை இரண்டாவது முறையாக வழியனுப்பினார்கள்.

பொங்கல் வைப்பது என்று முடிவு செய்தேன். சூப்பர் மார்க்கெட்டில் இந்தியச் சாமான் தேடி அலைவது வீண், சந்தைக்குப் போய் உஸ்பெக் வியாபாரிகளைப் பாருங்கள். அவர்களிடம் சீரகம் இருக்கிறது, பெயர் 'ஸிரா'. மஞ்சள், மல்லி இருக்கிறது. பச்சைப்பயறு 'மாஷ்' என்ற பெயரில் மூட்டையிலேயே இருக்கும். ஆனால் முழுப்பயறுதான், நான் பாட்டிலால் உருட்டி உடைத்தேன். அரிசிக்கு கிரஸ்னதாரில் விளையும் குட்டை அரிசி, அது குழைந்து பொங்கலுக்கென்றே செய்த மாதிரி வரும். உருக்கிய வெண்ணெய் என்று ஒரு டப்பா விற்பார்கள், அது நெய்யேதான். வெல்லம் மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்தது. கறிவேப்பிலைக்கு வழியே இல்லை, ஆசையை விட்டுவிடுங்கள்.

சர்க்கரைப் பொங்கல் பிரச்சினையில்லாமல் வந்தது. வெண்பொங்கலுக்குச் சீரகம், மிளகோடு நிறுத்தியிருக்கலாம். கூட ஒரு சட்னி, அதற்குக் கடுகு தாளிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, மிளகாய் கருகிய நெடி மேலே போன அரை நிமிடத்தில் தீ எச்சரிக்கை மணி அலறியது. அந்த மாடியே செருப்பும் போர்வையுமாகப் படிக்கட்டில். வியட்நாம் பையன் ஒருவன் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் விடுதிப் பொறுப்பாளர் 'ஒப்யஸ்னீத்யெல்னயா' எழுதச் சொன்னார். நடந்த தவறுக்கு நாமே கைப்பட எழுதும் விளக்கக் கடிதம். ரஷ்யாவில் எல்லாத் தப்புக்கும் பரிகாரம் அதுதான், எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் தாளிப்பை ரஷ்யனில் எப்படி எழுதுவது? வாசல் அம்மாளிடம் போனேன். "என்ன செய்தாய்?" "கடுகை வெடிக்க வைத்தேன்." "எதற்கு?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: தேசிய உணவு தயாரிக்கும்போது கடுகு விதைகள் எதிர்பாராத விதமாக வெடித்தன, இனி ஜன்னலைத் திறந்து வைப்பேன்.

கடிதத்துக்குக் கூலியாக ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். ஒரு கரண்டி வாயில் வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இது எங்கள் குத்யா மாதிரி இருக்கிறதே!" கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முதல் நட்சத்திரம் தெரியும் வரை பட்டினி இருந்துவிட்டு, முழுக் கோதுமையை வேகவைத்துத் தேனும் கசகசாவும் கொட்டைகளும் கலந்து சாப்பிடுவார்கள், அதன் பெயர் குத்யா. தானியம், இனிப்பு, நெய்க்குப் பதில் கசகசா. மறு வருஷம் ஜனவரி 6 மாலை எனக்கென்று ஒரு டப்பாவில் குத்யா கூண்டில் காத்திருந்தது.

ஜனவரி 19 ஞானஸ்நானத் திருநாள். முந்தைய இரவே ஏரிப் பனியைச் சிலுவை வடிவில் அறுத்து, அந்தத் துளையில் முங்கி எழுவார்கள். அதற்கு 'இயோர்தான்' என்று பெயர், யோர்தான் நதியின் நினைவாக. முதல் வருஷம் வேடிக்கை பார்த்தேன், இரண்டாவது வருஷம் இறங்கினேன். ஏணியில் இறங்கும்போது குளிரவில்லை, எரிந்தது. மூன்று முங்கு, மொத்தம் பத்து விநாடி இருக்கலாம். போக நினைத்தால், ஆம்புலன்ஸும் மீட்புப் படையும் நிற்கிற இடத்துக்கு மட்டும் போங்கள், தனியாக வேண்டாம். கம்பளிக் காலுறையோடு நடங்கள், ஈர வெறுங்கால் பனியில் ஒட்டிக்கொள்ளும். குடித்துவிட்டு இறங்குவது முட்டாள்தனம். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கரையிலேயே நின்று சூடாகத் தேநீர் குடிப்பது நல்லது.

25-ஆம் தேதி தத்யானா நாள், மாணவர்களின் நாள். 1755-ல் அன்றுதான் மாஸ்கோ பல்கலைக்கழகம் தொடங்கும் ஆணையில் எலிசவேத்தா பேரரசி கையெழுத்திட்டார். பரீட்சைக்கு முந்தைய இரவு பையன்கள் மதிப்பெண் புத்தகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி "ஹல்யாவா, வா!" என்று கத்துவார்கள். ஓசியில் கிடைக்கும் அதிர்ஷ்டம் என்று பொருள் வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை கேட்டபோது யாரையோ காணவில்லை, தேடுகிறார்கள் என்று நினைத்தேன். ஆஸ்பிரந்த், அதாவது முனைவர் பட்ட மாணவன், கத்தக் கூடாதாம். வயது போய்விட்டது.

பிப்ரவரி 23 ஆண்களுக்கு. ராணுவத்தினர் நாள் என்று தொடங்கியது, இப்போது ஆண் என்றாலே காலுறையும் ஷேவிங் நுரையும் கிடைக்கும். துப்பாக்கியைத் தொடாத எனக்கும் மூன்று வருஷத்தில் ஒன்பது ஜோடிக் காலுறை.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை என் ஆய்வு வழிகாட்டியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. "எந்த வகையிலாவது உங்கள் மனம் நோகச் செய்திருந்தால் என்னை மன்னியுங்கள்." கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று நாள் முன்புதான் வாஸ்யுகான் சதுப்பு நிலக் கரிமண் பற்றிய என் கட்டுரை முழுக்கச் சிவப்பு மையில் திரும்பி வந்திருந்தது. என்னை நீக்கப் போகிறார்கள், அதற்கு முன்னுரை இது என்றே முடிவு செய்தேன். கீழே ஓடிப்போய் வாசல் அம்மாளிடம் காட்டினால் அவர் சிரித்தார். அது மாஸ்லெனிட்சா வாரத்தின் கடைசி நாள், மன்னிப்பு ஞாயிறு. வாரம் முழுக்க வெண்ணெயில் ப்ளினி என்கிற மெல்லிய தோசை சுட்டுத் தின்று, குளிர்காலத்தின் வைக்கோல் பொம்மையை எரித்து, அன்று எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுநாள் ஈஸ்டர் விரதத்துக்குள் போவார்கள். "கடவுள் மன்னிப்பார், நீங்களும் என்னை மன்னியுங்கள்" என்று பதில் போட வேண்டும். போட்டேன். திங்கட்கிழமை மீதிக் கட்டுரையும் சிவப்பு மையில் வந்தது.

அந்த விரதக் காலம் சைவர்களுக்கு வரப்பிரசாதம். மற்ற நாட்களில் சைவம் என்றால் "கோழி போடலாமா?" என்று கேட்கிற உணவகங்கள், ஏழு வாரத்துக்குத் தனி விரதப் பட்டியல் போடும். 'போஸ்த்னி' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் அது இருந்தால் இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. மீன் மட்டும் இரண்டொரு நாள் அனுமதி, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் 8, பெண்கள் நாள். ஆய்வகத்தில் மூன்று ஆண்கள் சேர்ந்து மேஜை போட வேண்டும், பூ வாங்கும் பொறுப்பு எனக்கு. கடைக்குப் போய் வழிகாட்டிக்குப் பத்து ரோஜா கேட்டேன். கடைக்காரப் பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மெல்லிய குரலில், "கல்லறைக்கா?" என்றாள். இரட்டைப்படைப் பூ இறந்தவர்களுக்கு. மொய்க்கு நூற்றியொன்று வைக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். அவளே ஒன்றை உருவி எடுத்து ஒன்பதாக்கிக் கட்டிக் கொடுத்தாள், பத்துக்கான காசை வாங்கிக்கொள்ளவில்லை.

மே 9 வெற்றி நாளைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்ல முடியும். போரில் இறந்த, போரிட்ட தாத்தா பாட்டிகளின் படத்தை ஏந்தி நடக்கிற 'அழியாப் படைப்பிரிவு' ஊர்வலம் 2012-ல் இதே தோம்ஸ்கில், உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் சிலரால் தொடங்கியது. பிறகுதான் நாடெங்கும் பரவி, அரசு விழாவாகவும் ஆனது. ஆய்வகத்தில் எப்போதும் ஜோக் அடிக்கும் உதவியாளர் அன்று ஒரு பையனின் படத்தைக் கம்பில் மாட்டிக்கொண்டு வந்தார். அவருடைய தாத்தா. படத்தில் வயது பத்தொன்பது, அதற்குமேல் படம் எடுக்க வாய்ப்பில்லாமல் போயிற்று. சோவியத் நாடு அந்தப் போரில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரை இழந்தது, படம் இல்லாத வீடு குறைவு. அன்றைக்கு அரசியல் விவாதத்தை ஆரம்பிக்காதீர்கள். படத்தில் இருப்பவர் யார் என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது புத்தாண்டுக்கு அதே ஆய்வகத் தோழர் கூப்பிட்டார். "வருகிறேன், என்ன கொண்டுவரட்டும்?" என்று மூச்சு விடாமல் சொன்னேன். "கத்தி பிடிக்கத் தெரியுமா, அப்படியென்றால் மூன்று மணிக்கே வா" என்றார். வாசலில் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை, என்னை உள்ளே இழுத்த பிறகுதான் கை குலுக்கினார். நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று எதையும் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, என் அப்பத்தாவும் அதே கட்சி. செருப்பைக் கழற்றியதும் வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள்.

பிறகு நாலு மணி நேரம் நறுக்கினேன். ஒலிவியே சாலட்டுக்கு உருளை, கேரட், முட்டை, ஊறுகாய் வெள்ளரி எல்லாம் பட்டாணி அளவுக்கு நறுக்க வேண்டும். ஒரு துண்டு பெரிதாகப் போனால் அவருடைய அம்மா கரண்டியால் தனியாக எடுத்து வைத்துவிடுவார். 1860-களில் மாஸ்கோவில் உணவகம் நடத்திய ஒலிவியே என்ற சமையல்காரர் கௌதாரி, நண்டு வகையறாவோடு செய்த ஆடம்பரப் பண்டம் அது. சோவியத் காலத்தில் வேகவைத்த சாசேஜும் டின் பட்டாணியுமாக எல்லார் வீட்டுக்கும் இறங்கி வந்தது. எனக்காகச் சாசேஜ் போடாமல் ஒரு சின்னக் கிண்ணம் தனியாக எடுத்து வைத்தார்கள். ரஷ்யன் எனக்கு உண்மையாகப் பிடிபட்டது வகுப்பில் இல்லை, அந்த நறுக்குப் பலகையின் முன்னால்தான். கண் வெங்காயத்தில் இருக்கும்போது இலக்கணப் பிழைக்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

குடிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். கொள்கை என்று சொன்னால் விவாதம் வரும், மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் உடனே விட்டுவிடுவார்கள். ஆனால் வாழ்த்துச் சொல்லும்போது பழரசக் கோப்பையையாவது உயர்த்துங்கள், கை சும்மா இருக்கக் கூடாது. கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதற்குள் ஆசையைக் காகிதத்தில் எழுதி, எரித்து, சாம்பலைக் கோப்பையில் போட்டுக் குடிக்க வேண்டும். தமிழில் எழுதினேன், ஒன்பதாவது மணிக்கு மேல் காகிதம் எரியவே இல்லை. என் ஆசை பாதி எரியாமல் தொண்டைக்குள் போனது.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். புத்தாண்டு வாழ்த்தை டிசம்பர் நடுவிலேயே "வரப்போவதற்கு வாழ்த்து" என்று சொல்லலாம். பிறந்த நாள் வாழ்த்தை ஒரு நாள்கூட முன்னால் சொல்லக் கூடாது, கெட்ட சகுனம். நான் சொன்னேன், அந்தப் பெண் மேஜையை மூன்று முறை தட்டினாள்.

2019 கோடையில் கிளம்பினேன். விடியற்காலை நாலரை, டாக்சி வாசலில். வாசல் அம்மாள் என்னைப் பெட்டியின் மேல் உட்காரச் சொல்லி, தானும் நாற்காலியில் உட்கார்ந்தார். பயணத்துக்கு முன் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். சாவிகள் தொங்கும் பலகை, சின்ன டிவி, டீக்கோப்பை. "சரி, கடவுள் துணை" என்று அவர் எழுந்தார். நானும் எழுந்தேன். "போயிட்டு வரேன்" என்பது ரஷ்யனில் வராது, ஆனாலும் அதையே சொன்னேன்.

பாதி வழியில்தான் சமையலறை அலமாரியில் தாளிப்புக் கரண்டியை விட்டுவிட்டது நினைவு வந்தது. மறந்த பொருளுக்குத் திரும்பி வந்தால் போகிற காரியம் கெடும், வந்தே ஆக வேண்டுமென்றால் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். விமானத்துக்கு நேரமும் இல்லை. விட்டுவிட்டேன்.

அடுத்த ஜனவரி 13 மாலை ஊரில் இருந்தபோது, அவருடைய பேத்தியின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. கேஸ் அடுப்பு, அதன் மேல் என் கரண்டி, உள்ளே எண்ணெயில் மிதக்கும் கடுகு. கீழே ஒரு வரி: "வெடிக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?"

எண்ணெய் இன்னும் நன்றாகக் காய வேண்டும், முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று பதில் போட்டேன்.